பெட்டியை வைத்துவிட்டு ஓடியவர்கள்

சுட்டு அதிக நேரமாகாத பாணின் இளஞ்சூடும், அதன் மேலே ஒட்டியிருந்த எள்ளின் வறுத்த மணமும் அட்டைப்பெட்டியைத் தாண்டி வந்து, கதவைத் திறக்கும் முன்பே அன்று வியாழக்கிழமை என்று எனக்குச் சொல்லிவிடும். தலைமயிர் போலப் பின்னிச் சுட்ட அந்த ரொட்டிக்கு எங்கள் வீட்டில் "பின்னல் பாண்" என்று பெயர். அப்பா வேலையிடத்தில் முதுகில் அடிபட்டுப் படுத்திருந்த அந்தக் குளிர்காலம் முழுவதும், ஊரை விட்டு வந்து லிட்கம்மில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில், யாரோ வாராவாரம் பாணும் பருப்பும் பழ டின்களும் நிறைந்த பெட்டியை வைத்துவிட்டு மணியடிக்காமல் போனார்கள்.

எனக்குப் பாண் பிடித்தது. அம்மாவுக்கு அந்த ஓட்டம் பிடிக்கவில்லை. "ஆரெண்டு சொல்லாமல் வைச்சிட்டு ஓடுறதுக்கு நாங்கள் என்ன, முகம் பாக்கக் கூடாத ஆக்களே?" என்று குசினிக்குள் நின்று கத்துவார். "இஞ்சேரும், தாறதை எடுத்து வையுமன்" என்று அப்பா கட்டிலில் கிடந்தபடி முனகுவார். நான் அம்மாவின் கட்சி. எனக்கு அப்போது பதின்மூன்று வயது, எதையும் பொறுத்துக்கொள்ளாத வயது. அடுத்த வியாழன் பள்ளி விட்டதும் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து பிடித்தேவிட்டேன்.

சீருடை போட்ட ஒரு பெடியனும் ஒரு பெட்டையும். பெடியன் தெருமுனையில் நின்ற பள்ளி வான் வண்டியை நோக்கி ஓடிவிட்டான். பெட்டையின் புத்தகப்பையை நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பெயர் மிரியம், நகரின் கிழக்குப் பக்கத்து யூத உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாளாம்; கொடுக்கிறவர் முகம் தெரிந்தால் வாங்குகிறவர் கூச்சப்படுவார், அதனால் மறைந்து கொடுப்பதே மேல் என்பது தங்கள் பள்ளிச் சேவையின் வழக்கம் என்று மூச்சிரைக்க ஆங்கிலத்தில் சொன்னாள். "நீ ஓடுறதாலதான் எங்களுக்கு வெக்கம்" என்று நானும் ஆங்கிலத்தில் எகிறினேன்.

அதற்குள் அம்மா கதவைத் திறந்துவிட்டார். "உள்ளுக்கு வா பிள்ளை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

மிரியம் கதிரையின் விளிம்பில் இருந்தாள். அம்மா எங்கள் வீட்டின் நல்ல கோப்பையில் பால்தேத்தண்ணி நீட்டினார். அவள் நன்றி சொன்னாள், சிரித்தாள், கோப்பையை மட்டும் தொடவில்லை.

அம்மாவின் முகம் போன போக்கை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஊரில் சாதி பார்க்கிறவர்கள் எங்கள் முற்றம்வரை வந்து நன்றாகக் கதைத்துவிட்டு, நீட்டிய தண்ணீரைத் தொடாமல் எழும்பிப் போவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். கடல் தாண்டி வந்தும் அதே கை, அதே தொடாத கிளாஸ் என்றுதான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கி மிரியத்தின் மடியில் வைத்தார்.

"எங்கட தண்ணி ஆகாதெண்டால் உங்கட பாணும் எங்களுக்கு வேண்டாம். சொல்லடி அவளுக்கு."

அலுமாரியில் அரைப் பை அரிசிதான் கிடந்தது. அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

மிரியத்தின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. "ஐயோ, ஆளைப் பார்த்து இல்லை. எங்கள் மதத்துச் சாப்பாட்டுச் சட்டம் பாத்திரத்துக்குத்தான்; விலக்கான உணவு பட்ட பாத்திரத்தில் நாங்கள் எதுவும் குடிக்கக் கூடாது. அந்தச் சட்டம் பார்க்காத என் சொந்த மாமா வீட்டிலும் நான் தேநீர் குடிப்பதில்லை. அவர் இன்னும் என்னோடு கோபம்."

நான் சொல்லச் சொல்ல அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா வீட்டிலயுமோ?" என்று திருப்பிக் கேட்டார். "ஓமாம்" என்றேன்.

"அப்ப என்னத்தைத்தான் தின்னுவாளாம்?"

கத்தி படாத முழுப் பழமென்றால் யார் வீட்டிலும் தின்னலாமாம். அம்மா பின்வளவுக்குப் போய் மரத்தில் பழுத்திருந்த மண்டரின் பழங்களைச் சீலைத் தலைப்பு நிறையப் பிடுங்கிவந்து கொட்டினார். வான் ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருக்க, மிரியம் விரலாலேயே உரித்து மூன்றோ நாலோ தின்றாள். அதன் பிறகுதான் அம்மா அவள் மடியிலிருந்து பெட்டியை எடுத்தார். "இனி ஓட்டமில்லை எண்டு சொல்லு. வந்து இருந்து சாப்பிட்டால்தான் பெட்டியை எடுப்பன்."

வீட்டுக்குள் போனதற்காக அவளுக்குப் பள்ளியில் ஏச்சு விழுந்தது. அடுத்த வியாழனும் வந்தாள். அப்பா எழும்பி வேலைக்குப் போன பிறகு, அம்மா பெட்டியை வேறு வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி, அதைத் தூக்க என்னையும் அவளோடு அனுப்பினார்.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில். லிட்கம் வீட்டை இடித்து, இரண்டு மாடியில் இரட்டை வீடு கட்டிவிட்டார்கள். மறைந்து கொடுப்பதும் முடிந்த கதை, வாசலுக்கு வாசல் கமரா. இப்போதும் மிரியமும் நானும் பிளாக்டவுன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பெட்டியோடு மணியடித்தால், "வாசல்ல வைச்சிட்டுப் போங்கோ" என்று சுவரில் பதித்த ஒலிபெருக்கியிலிருந்து குரல்தான் வருகிறது.

நான் வைப்பதில்லை. "நாங்கள் பார்சல் கொண்டுவந்த ஆக்கள் இல்லை, அன்ரி. கதவைத் திறவுங்கோ, நிக்கிறம்."