ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி

ரத்த வங்கியில் ஆட்களை ஊசியைவிட ஆழமாகக் குத்துவது நான் கேட்கும் கேள்விகள்தான்.

நாகர்கோவிலில் ஒரு ரத்த வங்கியில் நான் ஆலோசகர். ரத்தம் கொடுக்க வருகிறவரைத் தனி அறையில் உட்காரவைத்து, காய்ச்சல் வந்ததா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஆரம்பித்து, கடைசியில் அந்த இடத்துக்கு வருவேன். மனைவியோ கணவரோ அல்லாத வேறு யாருடனாவது சமீபத்தில் உறவு உண்டா? மெஷின்தான் சோதிக்கிறதே, இது எதற்கு என்று கேட்பார்கள். எச்.ஐ.வி. தொற்றிய புதிதில் கொஞ்ச நாள் எந்த மெஷின் கண்ணிலும் படாமல் இருக்கும். அந்த நாட்களில் என் கேள்வி ஒன்றுதான் காவல். வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போய் நாயிடம் கடி வாங்கிய வாத்தியார்மாரே, டிக்கெட் கேட்டு வசவு வாங்கிய கண்டக்டர்மாரே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும். ஆள் தெரியாதபடி ஊரையும் தொழிலையும் மாற்றித்தான் எழுதுகிறேன். தேடிப் பார்க்க வேண்டாம்.

தலைவர் பிறந்தநாள்

ஒரு வார்டுப் பிரமுகர், தலைவரின் பிறந்தநாளுக்கு வேன் நிறைய பையன்களை ரத்தம் கொடுக்கக் கூட்டி வந்தார். பேனர், போட்டோகிராபர் எல்லாம் தயார். முதலில் தான் படுக்கவேண்டும், படம் எடுக்கவேண்டும் என்றார். முதலில் என் அறைக்கு வாருங்கள் என்றேன். கேள்வியைக் கேட்டதும் முகம் சிவந்து எழுந்துவிட்டார். குடும்பஸ்தனிடம் கேட்கிற கேள்வியா இது, நான் யாரென்று தெரியுமா என்று சத்தம். தெரியும், ஆனாலும் பதில் வேண்டும் என்றேன். போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். எங்கள் டாக்டர் வந்து, இந்த மேடம் சரி என்று சொல்லாமல் என்னால் ஊசி போட முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

பிரமுகர் பேனரோடு கிளம்பிப் போனார். பையன்கள் போகவில்லை. ஒவ்வொருவனாக வந்து உட்கார்ந்து, கூச்சப்பட்டுக்கொண்டே பதில் சொல்லி, ரத்தமும் கொடுத்தார்கள். கடைசியாக வந்தவர் வேன் டிரைவர். ஒரு கேள்விக்கு இவ்வளவு கோபமா என்று அவரிடம் கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்: “வார்டுல தண்ணி ஏன் வரல்லன்னு கேட்டாலும் அவியளுக்கு இதே கோவந்தான் வரும், மேடம்.”

கடற்கரையிலிருந்து வந்தவர்

குளச்சல் பக்கத்து மீனவர் ஒருவர். மனைவிக்கு ஆபரேஷன், ரத்தம் வேண்டும். மச்சினன்மாரோடு வந்திருந்தார். என் கேள்வியைக் கேட்டதும் எழுந்துபோய், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, வெளிமாநிலத்துப் போட்டில் வேலைக்குப் போன இடத்தில், சில வாரங்களுக்கு முன்பு ஒரு தடவை தவறு நடந்துவிட்டது என்று சொன்னார். அப்படியானால் இப்போது உங்களிடம் எடுக்கக்கூடாது என்றேன். வெளியே மச்சினன்மார் நிற்கிறார்களே, என்ன சொல்வேன் என்றார். யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை, நானும் சொல்லமாட்டேன் என்றேன். அதேபோல் வெளியே வந்து, இன்றைக்கு இவருக்கு உடம்பு சரிவராது என்று மட்டும் சொன்னேன். மூத்த மச்சினன் என்ன ஏது என்று குடைந்தான். அடுத்தது உங்களைத்தான் கேட்கப்போகிறேன், உள்ளே வாருங்கள் என்றதும் அடங்கிவிட்டான்.

எச்.ஐ.வி. சோதனை இலவசமாகச் செய்யும் அரசு நம்பிக்கை மையத்துக்கு அவரை அனுப்பினேன். சில மாதம் கழித்து, ரத்தம் கொடுக்கவந்த ஒரு கூட்டாளியோடு இங்கே வந்தார். மறுபடியும் சோதித்தும் ஒன்றும் இல்லையாம். மனைவிக்குத் தெரியுமா என்று தயங்கிக் கேட்டேன். “நானே சொல்லிட்டேன். ரெண்டு மாசம் எங்கிட்ட மிண்டல்ல, ஒரு வார்த்த பேசல்ல. இப்பம் சோறு போடுகா, மேடம். மீனு மட்டும் வைக்கமாட்டங்கா.”

மாப்பிள்ளை

வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர். எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை என்று வேகமாகச் சொன்னார். பிறகு மெதுவாக, ரிசல்ட் எப்போது தெரியும் என்றார். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அதற்கு முன் தன்னைச் சோதித்துக்கொள்ள ரத்ததானத்தைப் பிடித்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் ரத்தத்தில் தொற்று ஒளிந்திருந்தால் ஏதோ ஒரு பிரசவக்காரிக்குப் போய்ச் சேருமே என்று கேட்டேன். உங்களிடம் எடுக்கமுடியாது, நம்பிக்கை மையத்தில் ரகசியமாகப் பார்ப்பார்களே, அங்கே போனால் என்ன? அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: “அங்க போனா கண்டவன் தப்பா நெனைப்பான், மேடம். இங்க வந்தா தியாகின்னு நெனைப்பான்.”

டீச்சர்

பூதப்பாண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ரத்ததான முகாம் நடத்தினோம். கணக்கு டீச்சர் ஒருவர் சந்தோஷமாகக் கொடுத்தார். அவருடைய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கலாம் என்று எங்கள் சோதனை காட்டியது. டீச்சருக்குப் போன் போட்டு, நேரில் வரச் சொன்னேன். நம்பிக்கை மையத்துச் சோதனையும் அதையே சொன்னது. கணவர் சில வருஷத்துக்கு முன் இறந்தவர். எதனால் என்று அன்றைக்குத்தான் டீச்சருக்குப் புரிந்தது. அழவில்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் பாடம் நடத்தலாம்தானே என்று மட்டும் கேட்டார். தாராளமாக நடத்தலாம் என்றேன்.

நான் போன் செய்ததை எங்கள் அலுவலகத்தில் யாரோ பேர் தெரியாமல் அரைகுறையாகக் காதில் வாங்கி, பள்ளிவரை கொண்டுபோயிருக்கிறார்கள். பள்ளித் தாளாளர் வந்துவிட்டார். எங்கள் டீச்சர்களில் ஒருத்திக்கு ஏதோ இருக்கிறதாம், யார் என்று சொல்லுங்கள், பிள்ளைகள் படிக்கிற இடம் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் தொற்றாது, பேரைச் சொல்லச் சட்டமும் விடாது என்றேன். இனி எங்கள் பள்ளியில் முகாம் கிடையாது என்றார். எங்கள் மேலாளர் ஆடிப்போனார். கோடை விடுமுறை வருகிறது, ரத்தத்துக்கு எங்கே போவது என்று என்னிடம் பாய்ந்தார். முகாம் பிடிப்பது என் பொறுப்பு, பேர் மட்டும் வெளியே போகாது என்றேன். தேங்காப்பட்டணம் ஜமாஅத்தில் போய்ப் பேசினேன், ஒரு பங்குத்தந்தையிடம் பேசினேன். இரண்டு பேரும் இடம் கொடுத்தார்கள். தாளாளர் இல்லாமலே அந்தக் கோடை கடந்தது.

டீச்சர் அதே பள்ளியில், அதே வகுப்பில்தான் இருக்கிறார். மாத்திரை வாங்க நாகர்கோவில் வரும்போது என்னைப் பார்த்துவிட்டுப் போவார். தாளாளர் தொந்தரவு செய்கிறாரா என்று கேட்டேன். நன்றாகச் சிரித்துவிட்டுச் சொன்னார்: “அவருக்கு இப்பம் எல்லா டீச்சர்மேலயும் சந்தேகம். அதனால நான் தனியா இல்ல.”

ஆக, கேட்கக்கூடாததைக் கேட்பதற்கும் சொல்லக்கூடாததைச் சொல்லாமல் இருப்பதற்கும்தான் எனக்குச் சம்பளம். இரண்டில் எதையும் விடுகிற உத்தேசம் எனக்கு இல்லை.