ஒரே ஓர் எழுத்து, பத்து வருஷம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர் நம் தட்டச்சர். நீதிமன்றத்தில் தண்ணீர் தூக்க வந்து, அடுத்தவர் தட்டுவதை நின்று பார்த்தே தொழிலைக் கற்றார். பட்டம் வாங்கியவர்களெல்லாம் ரப்பரால் தாளைத் தேய்த்து ஓட்டை போட்டபோது, முப்பத்தோரு வருஷம் ரப்பரையே தொடாதவர். இது சும்மா அளப்பு இல்லை, கட்டடம் முழுக்கத் தெரிந்த சேதி. ஆகவேதான், மேல்முறையீட்டில் அவரைக் கூண்டில் ஏற்றிய அன்று வராந்தாவில் நிற்க இடமில்லை.

வழக்கு, ஒன்பது வயதுக் குழந்தையிடம் தகாதபடி நடந்த டியூஷன் வாத்தியாரைப் பற்றியது. குற்றம் நிரூபணமாகிவிட்டது. சட்டப்படி பத்தாண்டுக்குக் குறையாத சிறை. நீதிபதியே மனமிரங்கினாலும் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாது. ஆனால் தீர்ப்பில் 'குறையாத' என்பது 'குறையான' என்று விழுந்திருந்தது.

"ஐயா, பத்தாண்டுக்குக் குறையான சிறை! என் கட்சிக்காரர் நாலு வருஷம் இருந்துட்டார். நாலு, பத்தைவிடக் குறைவுதானே? ஆளை விட்டுடுங்க" என்றார் வாத்தியாரின் வக்கீல்.

"குறையானன்னா பழுதுள்ளதுன்னும் அர்த்தம் வருமே?" என்றார் நீதிபதி.

"பழுதான தண்டனையை எப்படிங்கய்யா அனுபவிக்கிறது? அப்படிப் பார்த்தாலும் விடணும்!"

அகராதி வந்தது. இன்னொரு அகராதி வந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று மூன்றாவது வந்தது. உணவு இடைவேளை வரை 'த'வும் 'ன'வும் மல்லுக்கட்டின. கடைசி பெஞ்சில் குழந்தையின் தாய், எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்று புரியாமல் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு சொன்ன நீதிபதி காலமாகிவிட்டார். அவர் வாயால் சொல்லச் சொல்லத் தட்டியது நம்மவர் ஒருவரே. அந்த நீதிபதி என்ன சொன்னார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

வக்கீல் குழைந்தார். "அண்ணே, முப்பத்தோரு வருஷத்துல ஒரு பிழை உண்டா உங்ககிட்ட?"

"கிடையாது."

"அப்ப, ஐயா சொன்னதைத்தானே அடிச்சீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பேர் நிலைக்கும், வாத்தியார் வீட்டுக்குப் போவான். தட்டச்சர் யோசித்தார். பிள்ளைகள் கல்யாணத்தில்கூட இவ்வளவு யோசித்தவரில்லை.

"இல்லைங்க. ஐயா 'குறையாத'ன்னுதான் சொன்னார். வெரல் வழுக்கிருச்சு. தப்பு என்னோடது."

வராந்தாவில் யாரோ "அட!" என்றார்கள். வக்கீல் துள்ளினார். "ஒத்துக்கிட்டார்! இந்தத் தட்டச்சருக்குக் குறைந்தபட்சத் தண்டனையாவது கொடுக்கணும்!"

"வெரல் வழுக்கினதுக்குச் சட்டத்துல குறைந்தபட்சம்னு எதுவும் இல்லை. உட்காருங்க. அப்பீல் தள்ளுபடி" என்றார் நீதிபதி.

அங்கேயே, எல்லார் முன்னாலும், அந்த 'ன'வைக் கோடிட்டு அடித்து மேலே 'த' எழுதிக் கையொப்பமிடச் சொன்னார்கள். கோடு கோணலாகப் போனது.

வெளியே அந்தத் தாய் வழிமறித்தாள்.

"ஐயா, அந்த எழுத்து போயிடுச்சா?"

"போயிடுச்சும்மா."

"இனிமே யாரும் கிளப்ப மாட்டாங்களே?"

"கிளப்பினா என்னைக் கூப்பிடச் சொல்லு."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "இன்னும் ஆறு வருஷம். அவன் வெளிய வரும்போது எம் பொண்ணுக்குப் பத்தொன்பது. பெரியவளாயிருப்பா."