பகாவில் கார்டை விழுங்கிய மெஷின்

தங்கை மகளுக்குக் காது குத்து என்றால் தாய்மாமன் போயே ஆகவேண்டும். மடி கொடுப்பவனும் அவன்தான், தோடு வாங்கித் தருபவனும் அவன்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மலேசியாவின் ஈப்போவிலிருந்து அதற்காகத்தான் கிளம்பினேன். அப்பா அம்மா போன பிறகு தங்கை செல்விக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான். அவள் இருந்தது பகாவைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டைப் பகாவில் வாங்கிக்கொள்ளலாம், கையில் எதற்குப் பணம், அதுதான் ஏடிஎம் கார்டு இருக்கிறதே என்று தெம்பாகப் போனேன்.

சிரம்பானில் பஸ் மாறினேன். அங்கிருந்து பகாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வழியில் ஒரு கார் சாக்கடையில் சரிந்து கிடந்தது. ஓட்டியவருக்கு ஒன்றுமில்லை, பக்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பஸ் மொத்தமும் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கார் நம்பரை மனப்பாடம் செய்தது. வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: விபத்தான கார் நம்பருக்கு லாட்டரியில் ராசி உண்டு என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் மட்டும் விடுவேனா? இறங்கும்வரை அதையே முணுமுணுத்தேன்.

பகாவ் வங்கி வாசலில், என் ரகசிய எண்ணுக்குப் பதிலாக அந்தக் கார் நம்பரையே மெஷினில் அழுத்தினேன். மூன்று முறை! மெஷின் கார்டை விழுங்கிவிட்டது. வங்கியோ மத்தியானமே மூடியாகிவிட்டது.

"திங்கக்கெழம ஐசியோட வாங்க, குடுத்துருவாங்க லா" என்றார் காவலாளி. ஐசி என்றால் அடையாள அட்டை.

பையில் கொஞ்சம் சில்லறையும் திரும்பிப் போகும் பஸ் டிக்கெட்டும்தான் இருந்தன. மச்சான் வீட்டார் முன்னால் வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊர் திரும்பிவிடலாம் என்று டிக்கெட்டைக் கையில் எடுத்தே விட்டேன்.

"எங்கண்ணே, எஸ்டேட்டா?" என்று ஒரு டாக்சிக்காரர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"மெஷினே முழுங்குன நம்பரா? அத சொல்லுங்க, காசு வேணாம், ஏறுங்க. மாமன் இல்லாம எப்பிடி லா காது குத்துவாங்க?"

வண்டி லாட்டரிக் கடையில் மட்டும் நின்றது.

செல்வியிடம் வாசலிலேயே உண்மையைச் சொன்னேன். முறைத்தாள்.

"ஒன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? தோடு வாங்கி வெச்சிட்டேன். மடிய எந்தக் கடையிலண்ணே வாங்குறது?" என்றவள் அழுதுவிட்டாள். நானும்தான்.

மறுநாள் தோட்டத்துக் கோயிலில் மணையில் உட்கார்ந்தேன். குழந்தை அலறி என் சட்டையை நனைத்தாள். திங்கட்கிழமை கார்டு கிடைத்தது. டாக்சிக்காரரும் வங்கி வாசலில் ஆஜர். "நம்பர் வரல லா அண்ணே, காச குடுத்துருங்க." சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் பணத்தை முன்கூட்டியே எடுத்து, இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். வார இறுதியில் மெஷினை நம்பாதீர்கள். அதையும் மீறிக் கார்டு போனால், வெறுங்கையோடாவது போய்ச் சேருங்கள். நான் அன்று பஸ் ஏறியிருந்தால், செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலி மணையைப் பார்த்தபடி நின்றிருப்பாள்.