தேங்காயால் உடைந்த கண்ணாடி

போன வாரம் காரின் பின் இருக்கையைக் கழற்றி வெயிலில் போட்டுத் தட்டியபோது, மடிப்பிலிருந்து நான்கைந்து கண்ணாடி மணிகள் உதிர்ந்தன. உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தேன். கீறவில்லை. கீறக் கூடாது என்றுதான் கார்க் கதவுக் கண்ணாடியை அப்படிச் செய்கிறார்கள். ஆறு ஆண்டுகளாக அங்கேயே கிடந்திருக்கின்றன. அவற்றை உடைத்த என் சகலை இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக இரண்டு ஆண்களை ஆயுள் முழுக்க அருகருகே நிறுத்தி அளந்து பார்க்கும் ஏற்பாட்டுக்குச் சகலை உறவு என்று பெயர். நான் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவியின் தங்கையைக் கட்டிய அவர், கரியமாணிக்கத்தில் கரும்பும் நெல்லும் போட்டவர், பத்தாவது தாண்டாதவர். மாமியார் வீட்டில் மோட்டார் நின்றாலும் மாடு கன்று போடத் திணறினாலும் "சின்ன மாப்ளையக் கூப்டு" என்பார்கள். மின் இணைப்பில் பெயர் மாற்ற விண்ணப்பம் எழுத மட்டும் என் நினைவு வரும். காணும் பொங்கல் விருந்தில் நல்ல கறித்துண்டு யார் இலையில் விழுகிறது என்று முப்பது ஆண்டுகள் கவனித்திருக்கிறேன். என் இலையில் விழுந்ததில்லை.

அந்த விருந்துகளில் எனக்கு இருந்த ஒரே பலம் பேச்சு. ஒருமுறை கார் கண்ணாடிகளைப் பற்றி விளக்கினேன். முன் கண்ணாடி இரண்டு தகடுகள், நடுவே பிளாஸ்டிக் ஏடு. விரிசல் விட்டாலும் உதிராது. மோதலில் ஆள் வெளியே பறக்காமல் தாங்கும். பக்கக் கண்ணாடி பெரும்பாலான கார்களில் வேறு வகை. நன்றாகச் சூடாக்கிச் சட்டென்று குளிர வைப்பதால் மேல்பரப்பு இறுகி, உள்ளே இழுவிசை நிற்கும். கையால் எவ்வளவு குத்தினாலும் அசையாது. மூலையில் கூராக ஓர் அடி விழுந்தால் மொத்தமும் மணி மணியாகக் கொட்டிவிடும். கதவு திறக்காதபோது வெளியேற ஒரு வழி வேண்டும், வெளியேறுபவரை அது அறுக்கவும் கூடாது. எல்லோரும் ரசத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். சகலை மட்டும் சாப்பிடுவதை நிறுத்திக் கேட்டார்: "நடுவுல அடிச்சா ஒடையாதாண்ணே?" உடையாது என்றேன், பெருமையாக.

ஓய்வு பெற்ற பிறகு நான் வாங்கிய புதுக் காருக்கு வில்லியனூர் கோயில் வாசலில் பூசை. சித்திரை மாதம். பதினொன்றரைக்குச் சகலையையும் வரச் சொல்லியிருந்தேன். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, ஐயர்தான் வரவில்லை. மூன்று வயதுப் பேத்தி சிணுங்கினாள். பின் இருக்கையில் உட்கார வைத்து, விளையாடச் சாவியைக் கொடுத்து, வெயில் படாமல் கதவைச் சாத்தினேன். அவள் சாவியிலிருந்த பொத்தானை அழுத்தினாள். நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன. சாவி இருக்கைக்கு அடியில் விழுந்தது.

நடைமுறை எனக்குத் தெரியும். பாகூர் வீட்டிலிருந்த மனைவியை மாற்றுச் சாவியோடு ஆட்டோவில் கிளம்பச் சொன்னேன். கார் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தேன்; காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். பேத்தியின் முகம் சிவந்தது, முடி நெற்றியில் ஒட்டியது. பிறகு அழுகை நின்றது. அழுகை நிற்பதுதான் கெட்ட அறிகுறி என்பதும் எனக்குத் தெரியும்.

"கண்ணாடிய ஒடைப்பா!" என்று மகள் அதை உள்ளங்கையால் அறைந்தாள்.

"பூச போடாத வண்டிடி. சாவி வந்துகினு இருக்குது."

"ஆமாம்மா, புது வண்டிய மொத நாளே ஒடச்சா ஆவாது" என்றாள் பூக்காரம்மா.

அப்போது சகலை வந்தார். மொபெட்டை நிறுத்தக்கூட இல்லை, தரையில் சாய்த்தார். "இன்னாண்ணே, வேடிக்க பாத்துகினு நிக்கிற?" மொபெட் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். குழந்தை இடப்பக்கம் இருந்ததால் வலப்பக்கப் பின் கதவுக்குப் போய், கண்ணாடியின் கீழ் மூலையில் அதன் முனையை வைத்தார். சுத்தியல் இல்லை. பூசைத் தட்டிலிருந்த தேங்காயை எடுத்து ஓங்கினார். தேங்காயும் உடைந்தது, கண்ணாடியும் கொட்டியது. வண்டி அலறியது. கையை விட்டுக் கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கி, நிழலுக்குக் கொண்டுபோய், நனைத்த துண்டால் உடம்பெல்லாம் ஒற்றினார். அவள் மறுபடி அழுததும்தான் திரும்பிப் பார்த்தார். "தேங்கா ஒடஞ்சிது, பூச முடிஞ்சிது போண்ணே!" கூட்டம் சிரித்தது. மகள் அவர் காலில் விழுந்தாள். என் காதில் உதவி எண்ணின் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பின் பேத்திக்கு அவர் கண்ணாடித் தாத்தா. அவர் வந்தால் என் மடியிலிருந்து இறங்கி அவர் தோளில் ஏறுவாள். யார் பாராட்டினாலும் அவர், "அண்ணன் சொல்லிக் குடுத்ததுதான், எனுக்கு இன்னா தெரியும்" என்பார். உண்மையைத்தான் சொன்னார். எல்லோரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பாராட்டினார்கள்.

பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. என் உள்ளங்கையில் என்ன என்று கேட்டாள். தகடு, ஏடு, இழுவிசை, மூலை எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்ளோ தெரியுமில்ல, நீ ஏன் தாத்தா ஒடைக்கல?" என்றாள்.

"பூச போடாத வண்டிம்மா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நான் சகுனம் பார்ப்பவன் அல்ல. பேத்தி உள்ளே வெந்துகொண்டிருந்த அவ்வளவு நேரமும், சகலை வந்து பார்க்கும்போது என் கார் ஒரு கீறல்கூட இல்லாமல் நிற்க வேண்டும் என்று காத்திருந்தேன்.