கார் இருக்கு, ஓட்ட ஆள் இல்லை

என் ஆறு வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் மருத்துவமனைக்குப் போய்வருகிறோம். சிகிச்சை தொடங்கியபோது அங்குள்ள சமூகநல அதிகாரி, ஒரு தமிழ்ப் பெண், வீட்டு நிலவரம் கேட்டார்.

"வீட்ல கார் இருக்காக்கா?"

"இருக்கு லா."

"உதவிக்கு ஆளு?"

"எல்லாரும் இருக்காங்க. ஓகே லா."

நான் சொன்னது பொய்யில்லை. கார் வாசலில்தான் நிற்கிறது. ஆனால் எனக்கு ஓட்டத் தெரியாது, கணவர் தூரத்து ஜோகூருக்கு லோரி ஓட்டுகிறார். 'எல்லாரும்' என்றது கேரி தீவில் இருக்கும் சொந்தங்களை; கூப்பிட்டதும் வந்துவிடக்கூடிய தூரமில்லை. குறை சொன்னால், பிள்ளையைப் பார்க்கத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

ஒரு நாள் மத்தியானம் மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. கீமோ எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கணவர் ஜோகூரில். கொட்டுகிற மழையில் வாடகைக் காரும் கிடைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று அழுதேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, தன் கார் சாவியோடு ஓடிவந்தார்.

"இன்னும் லேட்டாகியிருந்தா ஆபத்து," என்றார் டாக்டர்.

மகள் தேறியபின் அந்த அதிகாரி வார்டுக்கு வந்தார். "கார் இருக்கான்னு கேட்டேன். யார் ஓட்டுவாங்கன்னு கேக்காம விட்டுட்டேன்கா," என்றார்.

இப்போது நான் கார் ஓட்டப் பழகுகிறேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்துவதுமில்லை.

போன வாரம் அவர் மறுபடி கேட்டார். "எல்லாம் ஓகேவாக்கா?"

"இல்ல லா," என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.