செலவுப் படத்தில் வீட்டின் பங்கு

லண்டனில் முதன்முதலாக டாக்டரிடம் போனபோது, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றேன். பணம் கட்டும் இடம் எதுவென்று தெரியவில்லை. மேசையிலிருந்த அம்மையார் நிமிர்ந்து, "தட்ஸ் ஆல், டியர்" என்றார். அவ்வளவுதான் என்கிறாரே, என் கதை முடிந்ததோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். அங்கே வைத்தியம் அரசாங்கச் செலவு, பணம் எதுவும் கொடுக்காமல் போகலாம் என்பதுதான் அதன் அர்த்தம். அது விளங்கித் தெருவில் இறங்கியபோது சந்தோஷம் வரவில்லை. அண்ணன் நினைவுதான் வந்தது.

அண்ணன் பழனிசாமி கோயம்புத்தூரில் மில் தொழிலாளி. ஐம்பதுகளின் நடுவில், நான் சென்னையில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தபோது, அவருக்குக் காசநோய் கண்டது. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். கட்டிலும் மருந்தும் இலவசம். ஆனால் மில் சம்பளம் நின்றது. அண்ணி வெள்ளையம்மாள் கூலி வேலைக்குப் போனார். எருமையை விற்றார். கடைசியில் மகள் ராணியின் படிப்பை நிறுத்தினார். பார்க்கப் போன யாரோ அதைச் சொல்லிவிட, அண்ணன் பாதி வைத்தியத்தில் எழுந்து வந்துவிட்டார். "நானு படுத்துக் கெடந்தா ஊடே படுத்துப்போயிரும்டா" என்றவர், மறுபடி மில்லுக்குப் போனார். அந்த வருஷ மழையை அவர் பார்க்கவில்லை.

அறுபதுகளில் லண்டனில் எனக்குக் கிடைத்த வேலை, மருத்துவச் செலவுகளை ஆராயும் அலுவலகத்தில் எண்களைப் படமாக வரைவது. பக்கம் பக்கமாக அட்டவணை கொடுத்தால் கூட்டத்தில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அதையே ஒரு தாளில் பட்டைகளாக வரைந்து வைத்தால் பேச ஆரம்பித்துவிடுவார்கள். காசநோய் போன்ற நெஞ்சு நோய்க்காரர்களை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது சிக்கனமா, வீட்டிலா என்று ஒரு படம் கேட்டார்கள். என்னிடம் வந்த எண்களில் ஆஸ்பத்திரியின் செலவு மட்டுமே இருந்தது. பாதியில் எழுந்து போகும் நோயாளி அந்தக் கணக்கில் ஒரு லாபம். அண்ணனும் எங்கோ ஒரு லாபமாகத்தான் எழுதப்பட்டிருப்பார் என்று தோன்றியதும் பென்சில் ஓடவில்லை. ஒவ்வொரு பட்டையின் மேலும் கறுப்பாக ஒரு துண்டைச் சேர்த்தேன். அதன் அளவு தெரியாததால் மேல்விளிம்பை மூடாமல் விட்டேன்.

"இந்தக் கறுப்பு யாருடையது?" என்று கேட்டார் கூட்டத்தின் தலைவர் காலின்ஸ்.

"வீட்டினுடையது" என்றேன்.

"கட்டட வாடகையை ஏற்கெனவே சேர்த்தாயிற்றே?"

"கட்டடமில்லை சார், வீட்டில் இருப்பவர்கள். நின்றுபோன சம்பளம், பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை."

பிறகு நோயாளிகளின் வீடுகளுக்கே ஆள் அனுப்பி விசாரிப்பதென்று முடிவாயிற்று. அளவு தெரிந்தது. அடுத்த அறிக்கையில் கறுப்புத் துண்டு முழுசாக அச்சேறியது.

விடுப்பில் கோயம்புத்தூர் வந்தபோது, சிங்காநல்லூரில் அண்ணி குடியிருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் அந்தப் படத்தை விரித்துக் காட்டி விளக்கினேன். அண்ணி கறுப்பை விரலால் தடவினார்.

"நம்ம ஊட்டுக்கும் ஆராச்சும் வந்து கேட்டிருக்கலாமுங்க தம்பி."

அப்போது ராணி மில்லிலிருந்து வந்தாள். அவளும் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

"எப்ப இருந்து கண்ணு?"

"தூசிங்க சித்தப்பா. லீவு போட்டா சம்பளம் நின்னுபோகுமுங்க."

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். "காசநோயோட ஆரம்பந்தானுங்க. மாத்திரைய உடாம சாப்பிட்டா ஊட்டுலயே சொகமாயிருமுங்க. மில்லுக்கு மட்டும் அனுப்பாதீங்க" என்றார்.

"நீங்க இங்கியே இருந்துக்கக் கூடாதுங்களா?" என்று வழியில் அண்ணி கேட்டார். இருக்கத்தான் ஆசை. என் படங்களுக்குக் கோயம்புத்தூரில் யார் சம்பளம் தருவார்கள்? ராணி வீட்டில் படுத்திருக்க வேண்டுமென்றால், பணம் அனுப்ப நான் லண்டனில் இருந்தாக வேண்டும். அதைச் சொன்னபோது அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாமென்று சொல்லியும் ராணி வந்தாள். ரயில் நகர்ந்ததும் ஜன்னலோடு சிறிது தூரம் நடந்தவள், மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். எதிர் இருக்கைக்காரர் என்னைப் பார்த்து, "ஊருக்குப் போறீங்களாக்கு?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை.