பஸ் இலக்கம் இல்லாத படம்

என் மகள் மெல்பேர்னுக்குப் படிக்கப் போனபோது, பெட்டியில் இடமில்லை என்று தன் கமராவை விட்டுவிட்டுப் போனாள். அலுமாரியின் மேல்தட்டில் அது ஒரு வருடம் கிடந்தது. நான் ஓய்வு பெற்ற மாதத்தில் தூசி தட்டப் போனவள் அதைக் கையில் எடுத்தேன். கலை ஆர்வம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்ற பயம்தான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் இருபத்தாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். வெள்ளவத்தையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் முதல் பாடம் அவதானிப்பு. அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் கீழே கோடு போட்டு, கண்ணைத் திறந்து பாருங்கோ என்று சொல்லுவேன். இப்போது அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

புகைப்பட வகுப்பும் கொட்டாஞ்சேனையில்தான் கிடைத்தது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோவின் மேல்மாடியில் சனிக்கிழமை காலையில் நடக்கும். நடத்துபவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போவாள். எனக்கு அவள் ஆசிரியை, ஆனால் அவள் என்னைத்தான் டீச்சர் என்று கூப்பிடுவாள். நான் அவளைப் பிள்ளை என்பேன்.

முதல் மாதம் வீட்டுக்குள்ளேயே படம் எடுத்துவரச் சொன்னாள். எடுத்ததைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். என் கணவர் எல்லாப் படத்திலும் இருந்துகொண்டிருந்தார். செட்டியில் இருந்தார், பல்கனிக் கதிரையில் இருந்தார், சாப்பாட்டு மேசையில் இருந்தார். பக்கத்தில் எப்போதும் ஆவி பறக்கும் தேத்தண்ணிக் கோப்பை. அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான் நல்லா விழுந்திருக்கிறன்."

"ஓம், நல்லா இருந்திருக்கிறியள்," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. முப்பது வருடமாக எனக்கும்தான் விளங்கவில்லை. அன்று பின்னேரம் நான் தேத்தண்ணி போடவில்லை. அவர் ஏழு மணி வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தார்.

அதற்குப் பிறகு கண் ஒரு மாதிரியாகிவிட்டது. எங்கள் தொடர்மாடியின் வாசலில் நிற்கும் காவலாளிக்கு உட்காரக் கதிரை இல்லை என்பதைக் கண்டேன். ஒன்பது வருடம் அந்த வாசலால்தான் உள்ளே போய் வெளியே வந்திருக்கிறேன். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்கப் போனால், வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு மனிதன் பன்னிரண்டு மணித்தியாலம் கால்கடுக்க நிற்கிறான். வீட்டிலிருந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். விருந்தாளிகள் வரும் இடத்துக்கு அது அழகில்லை என்று தொடர்மாடிக் குழு மறுநாளே அதை எடுத்துவிட்டது. நான் திரும்ப வைத்தேன். அந்தச் சண்டை இன்னும் நடக்கிறது.

மூன்றாவது மாதம் அந்தப் பிள்ளை ஒரு பயிற்சி தந்தாள். முப்பது நாளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஒரு படம். எதுவும் நடக்கவில்லை என்றாலும் எடுக்க வேண்டும். எங்கள் வீடு இரண்டாம் மாடியில், காலி வீதியைப் பார்த்தபடி இருக்கிறது. பல்கனிக்கு நேர் கீழே பஸ் ஹோல்ட். காலை ஆறே முக்காலுக்கு நின்று எடுக்கத் தொடங்கினேன். எனக்கு அது சலிப்பான வேலையாக இருந்தது. பஸ், சனம், குடை, பஸ்.

முப்பது படத்தையும் சிறிதாக அச்சிட்டு, வகுப்பில் நீள மேசையில் வரிசையாக வைத்தோம். அந்தப் பிள்ளை நிறங்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் குரல் கேட்கவில்லை. பச்சை நிறப் பை போட்ட ஒரு பெண் பாதிக்கு மேற்பட்ட படங்களில் இருந்தாள். வயது நாற்பது இருக்கலாம். வலது கக்கத்தில் ஊன்றுகோல். ஒரு படத்தில் கையை நீட்டி பஸ்ஸை மறிக்கிறாள். இன்னொன்றில் பஸ் ஹோல்ட்டைத் தாண்டி முன்னால் நிற்கிறது, மற்றவர்கள் ஓடுகிறார்கள், அவள் பாதி வழியில் நிற்கிறாள். அடுத்ததில் பஸ்ஸின் முதுகு மட்டும் தெரிகிறது, அவள் நிற்கிறாள். அடுத்ததிலும் நிற்கிறாள். ஒரு படத்தில்கூட அவள் ஏறவில்லை.

அவளை ஏற்ற நேரம் எடுக்கும். அதனால் அவளைக் கண்டதும் சாரதிகள் தாண்டிப் போய் நிறுத்துகிறார்கள். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய அறிவு தேவையில்லை, மேசையில் வரிசையாக இருந்தது.

என்னை உலுக்கியது அது மட்டுமல்ல. நான் அந்த பஸ்களுக்குள் இருந்தவள். தாண்டி நிறுத்தும்போது ஓடிப்போய் ஏறியவர்களில் நானும் ஒருத்தி. ஒருமுறை யாருக்காகவோ பஸ் தாமதித்தபோது, "யமு மல்லி, பரக்கு வெனவா" என்று சிங்களத்தில் கொண்டக்டரை விரட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போவோம் தம்பி, நேரமாகுது. யாருக்காகத் தாமதித்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாடசாலைக்குப் போய் அவதானிப்புப் படிப்பித்திருப்பேன்.

கோபம் வந்தால் நான் வேகமாகக் காரியம் செய்பவள். அடுத்த வாரமே பெரிய லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கினேன். மழை பெய்த ஒரு காலையில் அந்தப் படம் கிடைத்தது. ஈரத் தெரு, அதில் விழுந்த சிவப்பு பிரேக் வெளிச்சம், ஊன்றுகோலை முன்னால் ஊன்றி ஓட முயலும் அவளுடைய உடல். ஓரத்தில் விலகிப்போகும் பஸ்ஸின் ஒரு துண்டு. அந்தப் பிள்ளை அதைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"டீச்சர், இது வேற லெவல். பஸ்ஸ இன்னும் கொஞ்சம் வெட்டினா நல்லா இருக்கும். அவ மட்டும் தனியா தெரியணும்."

வெட்டினோம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய மண்டபத்தில் வகுப்பின் கண்காட்சி நடந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வாசலுக்கு நேரே மாட்டினார்கள். வந்தவர்கள் அதன் முன்னால் நின்றார்கள். "என்ன ஒரு ஃபீலிங்" என்றார் ஒருவர். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். பொய் சொல்லவில்லை, எனக்குப் பெருமையாக இருந்தது. அநியாயத்தை நான் உலகத்துக்குக் காட்டிவிட்டேன் என்றே நினைத்தேன். அவர்களில் ஒருவர்கூட எந்த பஸ் என்று கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

யாரோ அதைக் கைத்தொலைபேசியில் எடுத்து பேஸ்புக்கில் போட்டார்கள். கீழே வரிசையாகக் கண்ணீர் முகங்கள். ஐயோ பாவம், கடவுளே காப்பாற்று, நமக்கு இரண்டு காலும் இருப்பதற்கு நன்றி சொல்வோம்.

நாலாம் நாள் காலை, கமராவோடு ஹோல்ட்டில் நின்றேன். பச்சைப் பைக்காரி நேரே என்னிடம் வந்தாள். அதுவரை அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நீங்க தானே அந்தப் படம் புடிச்சது?"

"ஓம்," என்றேன். சிரித்தேன்கூட. நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

"யாரக் கேட்டுப் புடிச்சீங்க?"

நான் கமராவைக் கீழே இறக்கினேன்.

"நான் கொட்டாஞ்சேனையில கல்யாண உடுப்பு தைக்கிறன். பதினாறு வருஷமா. எனக்குக் கீழ ஆறு பேர் வேலை செய்யுறாங்க. முந்தாநாள் அவங்க எல்லாம் ஃபோன வச்சிக்கிட்டு என்னப் பார்த்து அழுறாங்க. மணப்பொண்ணோட அம்மா ஒருத்தி என் கையில இருநூறு ரூபாவ வச்சி அமுக்கிறா. பிச்சக்காரிக்குக் குடுக்கிற மாதிரி."

"நான் அப்பிடி நினைச்சு எடுக்கேல்லை. பஸ்காரர் செய்யிறதைக் காட்டத்தான்..."

"எந்த பஸ்?" என்றாள்.

நான் வீதிப் பக்கம் கையைக் காட்டினேன்.

"சொல்லுங்க, எந்த பஸ்? உங்க படத்தில பஸ் எங்க இருக்கு? நம்பர் எங்க? என்ட கால் தான் பெருசா இருக்கு. கால் எனக்குப் பழக்கம். சின்ன வயசில இருந்து இப்படித்தான். கால் என்ன விட்டுட்டுப் போகல்ல. பஸ் தான் போகுது."

ஹோல்ட்டில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஒரு பஸ் வந்தது, வேகத்தைக் குறைத்தது, எங்களைத் தாண்டி முன்னால் போய் நின்றது. சனம் ஓடியது. அவள் அசையவில்லை. என்னைப் பார்த்து, "இப்ப ஏன் புடிக்கல்ல?" என்றாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். அவள்மேல் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உனக்காகத்தானே செய்தேன் என்று மனதுக்குள் கத்தினேன். மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு முழுப் படத்தையும், வெட்டுவதற்கு முந்தியதை, கணினியில் திறந்தேன். இலக்கத் தகட்டின் பாதி அதில் இருந்தது. அந்தப் பாதியையும் வெட்டி எறிந்தது நான்தான்.

பின்னேரமே கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் படத்தைக் கழற்றினேன். அந்தப் பிள்ளை ஓடிவந்தாள்.

"டீச்சர், என்ன செய்றீங்க? இந்த வருஷத்தில வந்த பெஸ்ட் படம் அது."

"அதில பஸ் நம்பர் இல்லை, பிள்ளை."

"படத்துக்கு என்னத்துக்கு நம்பர்?"

"அவவைக் கேட்டுப் பாரும்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் வகுப்புப் பக்கம் போகவில்லை. பேஸ்புக்கில் போட்டவருக்கு எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். எடுத்தார். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டிருந்தது. அதை இனி யாரும் திரும்ப எடுக்க முடியாது. அந்தத் தவறு என்னுடையது.

மறுநாள் ஹோல்ட்டுக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மன்னிப்ப வச்சி நான் என்ன செய்ய? புடிக்கிறது எண்டா ஒழுங்காப் புடிங்க. நான் சொல்ற மாதிரி."

அவள் சொன்ன மாதிரி எடுத்தேன். மூன்று கிழமை, ஒவ்வொரு வேலைநாளும். பஸ்ஸின் இலக்கத் தகடு தெரிய வேண்டும். ஹோல்ட் பலகை தெரிய வேண்டும். எவ்வளவு தூரம் தாண்டி நின்றது என்று தெரிய வேண்டும். அவள் ஓரத்தில் சின்னதாக நின்றால் போதும், முகம் தேவையில்லை. நேரத்தை அவள் ஒரு கொப்பியில் எழுதினாள். வெயில் முகத்தில் அடிக்கும், தகடு மங்கும், கம்பத்துக்குப் பின்னால் பஸ் மறையும். ஒரு படமாவது பார்க்கும்படி இல்லை. என் வாழ்க்கையில் எடுத்ததிலேயே அசிங்கமான படங்கள் அவை. அவற்றை எடுத்த காலத்தில்தான் அந்த ஹோல்ட்டில் என்னென்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது. கைக்குழந்தையோடு நிற்பவர்களுக்கும் அதேதான். மூட்டையோடு நிற்கும் கிழவருக்கும் அதேதான்.

படங்களையும் ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தையும் ஃபைலில் போட்டுக்கொண்டு, பஸ்களுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்து போனோம். அவள் அரை நாள் லீவு எடுத்திருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஃபைலைப் புரட்டினார். பிறகு அவளைக் கடந்து என்னைப் பார்த்து, சிங்களத்தில் கேட்டார்: இந்தப் பெண்ணால் ஒரு த்ரீவீலில் போக முடியாதா?

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. நான் வாயைத் திறப்பதற்கு முதல் அவள் மேசையில் கையை வைத்தாள்.

"மகென் அஹன்ன," என்றாள். "மம தமய் யன்னே."

என்னைக் கேளுங்கள், போகிறது நான்தான். அதற்குப் பிறகு அவள் கொப்பியைத் திறந்து, திகதி, நேரம், இலக்கம் என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். குரல் உயரவே இல்லை. அவர் இடையில் கைகாட்டி நிறுத்தப் பார்த்தார். அவள் கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் மூடினாள். அதிகாரி கடிதத்தில் முத்திரை குத்தி ஒரு பிரதி தந்தார்.

மூன்று கிழமை கழித்து ஹோல்ட்டில் ஒரு பரிசோதகர் வந்து நின்றார். பத்து நாள் எல்லா பஸ்ஸும் பலகைக்கு நேரே நின்றன. அவர் போனதும் பழையபடி ஆகிவிட்டது. முழுதாக இல்லை. இரண்டு பஸ்கள் மட்டும் இன்னும் ஒழுங்காக நிற்கின்றன, அதில் ஒன்றில்தான் அவள் வேலைக்குப் போகிறாள். கொப்பியில் இருந்த ஏழில் இரண்டு. இதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று என் கணவர் சொல்கிறார். தேத்தண்ணியை இப்போது அவரே போட்டுக் குடித்துக்கொண்டுதான் சொல்கிறார். நான் சந்தோஷப்படவில்லை. காசு கொடுத்து ஏறுகிற பஸ் நிற்கிற இடத்தில் நிற்பதற்கு, ஒரு பெண் கொப்பியும் சாட்சியும் முத்திரையும் கொண்டு அலைய வேண்டியிருக்கிறது. இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

வகுப்புக்குத் திரும்பவும் போகிறேன். அந்தப் பிள்ளையும் நானும் இப்போதும் வாக்குவாதப்படுவோம். நாங்கள் இப்போது சேர்க்கும் இரண்டாவது ஃபைலுக்குத் தகடு மங்காமல் எடுப்பது எப்படி என்று அவள்தான் சொல்லித் தந்தாள்.

இன்று காலை பச்சைப் பைக்காரியின் பஸ் ஒழுங்காக வந்து நின்றது. கொண்டக்டர் கீழே இறங்கிப் பையை வாங்கினான், அவள் ஏறினாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பஸ் புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, என் ஃபோன் அடித்தது.

"பின்னுக்கு வந்த பஸ் நிக்காமப் போச்சே, புள்ளத்தாச்சி ஒருத்தி கையக் காட்டக் காட்ட. புடிச்சீங்களா?"

"இல்லை."

"அப்ப என்னத்தப் பார்த்துக்கிட்டு நிண்டீங்க?"

"உம்மைத்தான்."

"நான் ஏறிட்டன் தானே," என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள்.